அத்தானுக்கு விழுந்த இரண்டு

எங்கள் கடைச் சுவரில் நூற்று அறுபத்து மூன்று கொக்கிகள் இருக்கின்றன. கடையில் பாதி என் அக்கா வீட்டுக்காரருடையது, பாதி என்னுடையது. அத்தான் பூட்டுத் திறப்பார், சாவி வெட்டுவார். நான் பைகளுக்கு ஜிப் மாற்றுவேன், அறுந்த வார் தைப்பேன். கொக்கிகள் அவர் பாதியில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அக்கம்பக்கத்து வீடு ஒன்றின் மாற்றுச் சாவி தொங்கும். கதவு தானாகச் சாத்திக்கொள்ள வெளியே மாட்டிக்கொண்டவர்கள், சாவியை ஆபீசில் மறந்துவிட்டு வந்தவர்கள் எல்லாரும் இங்கேதான் ஓடி வருவார்கள். இதற்கு அத்தான் எதுவும் வாங்குவதில்லை. “நம்ம சாவி மெம்பர் கடையில இருக்கு” என்று யாராவது சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதுதான் அவருக்குக் கூலி.

மெம்பர் என்றால் எங்கள் வார்டின் நகராட்சி உறுப்பினர். மூன்று முறை தொடர்ந்து ஜெயித்தவர். பதினைந்து வருஷமாக எங்கள் தெருக்களில் மெம்பர் என்றால் அத்தான், அத்தான் என்றால் மெம்பர்.

சாவி ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை கட்டியிருக்கும், அதில் கொக்கியின் எண் இருக்கும். எழுதுவது அக்கா. அத்தான் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், அவருக்கே சில நாள் புரியாது. அக்கா அழகாக எழுதுவாள். அவளுடைய 2 மட்டும் தனி. கீழ்க்கோட்டை நீளமாக இழுத்து, நுனியை உள்பக்கம் சுருட்டி, முடிக்கும் இடத்தில் பேனாவை ஓர் அழுத்து அழுத்துவாள். அங்கே ஒரு புள்ளி விழும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஸ்கேலால் அடித்தும் அந்த வால் நிமிரவில்லை.

அத்தானுக்குப் பொறாமை கூடப் பிறந்தது. அக்காவும் நானும் ஏதாவது சொல்லிச் சிரித்தால்கூட, “அக்காவுக்கும் தம்பிக்கும் அப்படி என்ன ரகசியம்?” என்பார். எதிர்ச் சந்தில் இன்னொரு பூட்டுக்காரர் கடை போட்டபோது ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ஆள் கடையை மூடிக்கொண்டு போன மறுநாள், “பாவம்டா, தங்கமான மனுஷன்” என்றார். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவரை நல்ல மெம்பர் ஆக்கியதும் இந்தப் பொறாமைதான். ஜனங்கள் தங்கள் குறையை வேறு யாரிடமாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் அவரே முந்திக்கொண்டு ஓடுவார். ஒரு வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டால் வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இப்படி இருந்த மனிதர் தலையில் நகராட்சி கல்லைத் தூக்கிப் போட்டது. பக்கத்துப் பக்கத்து வார்டுகள் மூன்றை ஒன்றாகச் சேர்த்து, அந்தப் பெரிய வார்டுக்கு மூன்று மெம்பர்கள் என்று மாற்றிவிட்டார்கள். ஓட்டுச் சீட்டில் முத்திரை குத்துகிற வழக்கமும் போயிற்று. நமக்கு ரொம்பப் பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று எண் எழுத வேண்டும்.

இதை எங்களுக்கு விளக்கியது கணக்கு வாத்தியார். பழைய பக்கத்து வார்டுக்காரர், அவரும் தேர்தலில் நிற்கிறார். நின்றாலும் பாடம் நடத்தாமல் அவரால் இருக்க முடியாது. தோள்பையின் ஜிப்பை மாற்ற வந்தவர், நான் பல் பல்லாகக் கோத்துக்கொண்டிருந்த நேரத்தில் அத்தானிடம் ஆரம்பித்தார்.

“பழைய முறையில நூறு பேர்ல நாற்பது பேர் உங்களுக்குப் போட்டாங்க, ஜெயிச்சீங்க. மத்த அறுபது பேரும் நாலு ஆளுக்குப் பிரிச்சுப் போட்டாங்க, தோத்தாங்க. அந்த அறுபது பேருக்கு யார் சார் மெம்பர்?”

“நான்தான்.”

“அவங்க உங்களை வேணாம்னு சொன்னவங்க.”

“சொன்னா சொல்லட்டும். அவங்க வீட்டுச் சாக்கடையையும் நான்தானே பார்த்தேன்?”

“பார்த்தீங்க, இல்லேங்கலை. இனிமே அவங்க மனசுக்குப் பிடிச்ச ஆளும் ஒருத்தர் உள்ளே இருப்பாங்க. அதுக்காக ஊர் முழுக்க ஒரே பட்டியலாப் போட்டுட்டா நம்ம தெரு எங்க இருக்குன்னே தெரியாதவன் எல்லாம் மெம்பர் ஆயிடுவான். அதனாலதான் மூணு வார்டோட நிறுத்தியிருக்காங்க. நடந்து போற தூரத்துல மூணு மெம்பர். யார்கிட்ட வேணும்னாலும் போகலாம்.”

யார்கிட்ட வேணும்னாலும் என்ற வார்த்தையில் அத்தானின் அரம் ஒரு கணம் நின்றது. பிறகு வேகமாகத் தேய்த்தார். “ஒரு பூட்டுக்கு மூணு சாவி வெட்டலாம் வாத்தியாரே. ஒரு வீட்டுக்கு மூணு எஜமான் இருக்க முடியுமா?”

“எஜமான்னு யார் சொன்னது?” என்று கேட்டுவிட்டு வாத்தியார் பையை வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு அத்தான் வெட்டிய சாவி பூட்டில் நுழையவில்லை. பதினைந்து வருஷத்தில் நான் பார்த்த முதல் தப்புச் சாவி அது.

வாத்தியாரைப் பற்றி அத்தானுக்குப் பெரிய கவலை இல்லை. கவலை எல்லாம் வேன்காரம்மாவைப் பற்றித்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கட்டைக் குரல், சட்டைப் பையில் எப்போதும் குழந்தைகளின் மூக்குச் சளி துடைக்க நாலு கைக்குட்டை. காலை ஆறரைக்கு மூன்று வார்டிலும் வாசல் வாசலாக வேனை நிறுத்துவார். எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல், எந்த அப்பாவுக்கு வேலை போயிற்று, எந்தச் சந்தில் குழாய் உடைந்தது என்று அவருக்குத் தெரியாதது கிடையாது. அவர் தேர்தலில் நிற்கிறார் என்று தெரிந்த நாளிலிருந்து, வேன் ஹாரன் கேட்டாலே அத்தானுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

ஒரு நாள் மாடி வீட்டு அம்மா கடைக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

“மெம்பர் சார், எங்க வீட்டுச் சாவியைக் கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?”

“என்னம்மா, கதவு சாத்திக்கிச்சா? நானே வந்து திறந்து விடறேன்.”

“இல்லை... வேன்காரம்மாகிட்ட குடுத்து வைக்கலாம்னு. என் வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு ஆறு மணிக்கு வராரு. நீங்க கடை திறக்க ஒன்பது ஆகுதே. தப்பா நினைச்சுக்காதீங்க.”

அத்தான் எண்பத்தாறாம் கொக்கியிலிருந்து சாவியை எடுத்தார். துணியால் துடைத்தார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற அப்பன்கூட அவ்வளவு நேரம் கையில் வைத்துக்கொண்டு நிற்கமாட்டான். அந்த அம்மா போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அவளுக்கு என் கடை திறக்கிற நேரம் இத்தனை வருஷமாத் தெரியாதா?”

“அத்தான், ஒரு சாவிதானே.”

“நீ ஜிப்பைப் பாரு.”

தேர்தலுக்குள் பதினோரு கொக்கிகள் காலி. கடை திறந்ததும் சாமி படத்தைப் பார்ப்பது மாதிரி அவர் முதலில் அந்தக் காலிக் கொக்கிகளைத்தான் பார்ப்பார்.

மற்ற வேட்பாளர்கள் வீடு வீடாகப் போய், “ஒண்ணு உங்க இஷ்டம், ரெண்டையாவது எனக்குப் போடுங்க” என்று கேட்டார்கள். அதுதான் புது முறையில் புத்திசாலித்தனம் என்று வாத்தியார்கூடச் சொன்னார். நானும் சொன்னேன். அத்தான் கேட்டால்தானே.

“ரெண்டாவது இடத்துக்கு நான் என்ன சின்ன வீடாடா? போட்டா ஒண்ணு போடச் சொல்லு. இல்லைன்னா ஒண்ணும் வேணாம்னு சொல்லு. நம்ம ஆளுங்க யாரும் வேற யாருக்கும் ரெண்டு, மூணு போடக் கூடாது. ஒண்ணோட பேனாவை மூடி வெச்சுடணும்.”

இதை அவர் அக்கா முன்னால்தான் சொன்னார். அக்கா அட்டைக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறாள். வலியோடு வருகிறவர்களைச் சமாளித்துச் சமாளித்துக் குரலை உயர்த்தவே மறந்துபோனவள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் வீடு திரும்புவாள். அவர்கள் வீட்டுக்கு எதிரே உள்ள தெருவிளக்கு மூன்று வருஷமாக எரியவில்லை. வாசலுக்கு முன்னால் நடைபாதைக் கல் ஒன்று உடைந்து தூக்கிக்கொண்டு நிற்கும். மெம்பர் வீட்டு வாசலிலேயே இப்படி. அக்கா எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

“ஊர் முழுக்க லைட் போட்டுட்டுத்தான் நம்ம வாசலுக்குப் போடுவேன். முதல்ல நம்ம வாசலுக்குப் போட்டா நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசுவாங்க” என்பது அவர் பதில். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. வருகிறவர்களிடம் சொல்லிக் காட்டுவார்: “என் வீட்டு வாசல்ல போய்ப் பாருங்க, இருட்டு!” ஊர் முழுக்க என்பது எப்போது முடிகிற காரியம்? ஒன்று போட்டால் ஒன்று அணைந்துகொண்டே இருக்கும்.

எட்டு மாதம் முன்பு ஒரு சாயங்காலம் அந்த இருட்டில் அந்தக் கல் தடுக்கி அக்கா விழுந்தாள். கணுக்கால் வீங்கி மூன்று வாரம் நொண்டினாள். அத்தான் கட்டுப் போட்டார், தைலம் தேய்த்தார், கீழே உட்கார்ந்து செருப்பு மாட்டிவிட்டார். எல்லாம் செய்தார், விளக்கை மட்டும் போடவில்லை. அந்த மூன்று வாரமும் அக்காவை வேலைக்குக் கொண்டுபோய் விட்டது பள்ளிக்கூட வேன். குழந்தைகளுக்கு நடுவில் மடியில் இரண்டு புத்தகப் பைகளோடு உட்கார்ந்து போவாள். அக்கா விழுந்ததே எனக்கு மறுநாள்தான் தெரியும். வேன்காரம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் சுருக்கென்றது. கூடப் பிறந்தவன் நான் இருக்கிறேன், என்னிடம் சொல்லாமல் யாரோ வேன் ஓட்டுகிறவரிடம் சொல்வாளா? அத்தானைக் கேலி செய்கிற எனக்கே இப்படி என்றால் அவர் நிலைமை என்ன?

ஓட்டு எண்ணியது பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கில். காலை எட்டு மணிக்கே நீளமான மேஜைகளைப் போட்டு, நடுவில் கயிறு கட்டி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் அதிகாரிகள், இந்தப் பக்கம் வேட்பாளர்களும் ஆளுக்கு ஒரு ஏஜெண்டும். அத்தானுக்கு ஏஜெண்ட் நான். சீட்டைத் தொடக் கூடாது, பார்க்கலாம். ஒவ்வொரு சீட்டையும் எண் தெரிகிற மாதிரி வைத்துத்தான் பிரித்தார்கள்.

செல்லும் சீட்டு மொத்தம் நாலாயிரத்து எண்ணூறு. மூன்று இடத்துக்கு ஒருவர் ஜெயிக்க நாலில் ஒரு பங்குக்கு மேல், அதாவது ஆயிரத்து இருநூற்று ஒன்று வேண்டும். முதல் சுற்றில் எண் 1 மட்டும் எண்ணினார்கள். வேன்காரம்மாவுக்கு ஆயிரத்து ஐந்நூற்று ஆறு. வாத்தியாருக்கு ஆயிரத்து நூற்று இருபத்திரண்டு. அத்தானுக்கு ஆயிரத்து எண்பத்து மூன்று.

“மூணாவதா?” என்றார் அத்தான். அவர் குரல் எனக்கே கேட்கவில்லை, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் அங்கேயே நின்று, “நீங்க எப்படியும் வந்துடுவீங்கன்னுதான் சார் ஒண்ணை அந்தம்மாவுக்குப் போட்டோம், உங்களுக்கு ரெண்டு போட்டிருக்கோம்” என்று ஆறுதல் சொன்னார்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதற்கு அவர்களைக் கேட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

வேன்காரம்மாவுக்குத் தேவைக்கு மேல் முந்நூற்று ஐந்து சீட்டு இருந்தது. அது வீணாகக் கூடாது என்பது புது விதி. அவருடைய கட்டுகளைக் கலைத்துப் போட்டு, முந்நூற்று ஐந்து சீட்டைக் குலுக்கி எடுத்து, அதில் எண் 2 யாருக்கு என்று பார்த்து அந்தந்த ஆளின் அடுக்கில் சேர்த்தார்கள். அத்தான் கயிற்றை ஒட்டி நின்றார். ஒவ்வொரு சீட்டும் அவர் அடுக்கில் விழ விழ, ஜெயிக்கப் போகிறவர் முகம் மாதிரியா இருந்தது? யாரோ கன்னத்தில் அறைகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் திறந்தார்.

“அவளுக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு. அவளுக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு. பார்த்தியாடா?”

“உங்களுக்குத்தானே அத்தான் சேருது. சும்மா இருங்க.”

நூறைத் தாண்டியிருக்கும். அப்போது அந்தச் சீட்டு வந்தது. வேன்காரம்மா பெயருக்கு எதிரே நேரான ஒரு 1. அத்தான் பெயருக்கு எதிரே ஒரு 2. கீழ்க்கோடு நீளமாக ஓடி, நுனி உள்பக்கம் சுருண்டு, முடிகிற இடத்தில் ஓர் அழுத்து. ஒரு புள்ளி.

தினமும் கடைச் சுவரில் அந்த 2-ஐப் பார்க்கிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர். இரண்டு பேரும் அப்போது கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தோம். நான் சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தேன். சரி செய்ய ஒன்றும் இல்லை. நிமிர்ந்தபோது அந்தச் சீட்டின் மேல் வேறு நாலு சீட்டு விழுந்திருந்தது. அத்தான் இன்னும் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சுற்றில் அவருக்குச் சேர்ந்தது நூற்று முப்பத்தொன்று. ஆயிரத்து இருநூற்றுப் பதினாலு. ஜெயித்துவிட்டார். கடைசியில் இருந்தவர்களை நீக்கி அவர்கள் சீட்டையும் பிரித்தார்கள்; வாத்தியார் அப்படி இன்னும் மூன்று சுற்று காத்திருந்து மதியத்துக்கு மேல்தான் ஜெயித்தார். எல்லாரும் அத்தானைக் கட்டிப்பிடித்தார்கள். வேன்காரம்மா வந்து கை கொடுத்தார்.

“வாழ்த்துகள்ண்ணா.”

“உங்க மிச்சத்துல வந்திருக்கேன்” என்றார் அத்தான். விஷமாகத்தான் சொன்னார்.

“மிச்சம் எல்லாம் இல்லண்ணா. என்னைப் பிடிச்சவங்களுக்கு உங்களையும் பிடிச்சிருக்கு.”

அத்தான் அதை வாயிலேயே வைத்துக்கொண்டு வீடு வரை வந்தார். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

அவர் அக்காவிடம் கேட்பார், பெரிய சண்டை வரும் என்று நான் பயந்தேன். கேட்கவில்லை. அதற்குப் பதில் மறுநாள் ஒரு பிடி அட்டைகளை அவள் முன்னால் வைத்தார்.

“எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு. புதுசா எழுதிக் குடு.”

அக்கா அட்டைகளைப் புரட்டினாள். 2, 12, 20, 22, 29, 122. “ரெண்டு வர்ற அட்டை மட்டும்தான் அழிஞ்சுதா?”

“ஆமா.”

அக்கா அவரை ஒரு முறை பார்த்தாள், என்னை ஒரு முறை பார்த்தாள். நான் ஊசியில் நூல் கோத்தேன். அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினாள். வாலைச் சுருட்டினாள், அழுத்தினாள், புள்ளி வைத்தாள். ஒன்றையாவது மாற்றி எழுதுவாள் என்று பார்த்தேன். மறைக்க வேண்டும் என்கிற எண்ணமே அவளிடம் இல்லை. அத்தான் ஒவ்வோர் அட்டையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கொக்கியில் மாட்டினார்.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. அவள் தலை வாரினால், “யாரைப் பார்க்கப் போறே?” என்பார். வேலைக்குத்தான் என்று தெரியும். வேன் ஹாரன் அடித்தால் ஜன்னலைச் சாத்துவார். கடையில் என்னிடம் மட்டும் ஒரு நாள் உடைந்தார்.

“இருபத்தெட்டு வருஷம்டா. வேற ஒருத்தனைப் பார்த்தாள்னாகூட எனக்கு இவ்வளவு இருக்காது. சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். இதுக்கு என்னன்னு சண்டை போடறது? எனக்கும் போட்டிருக்காளே. ரெண்டாவதாப் போட்டிருக்காளே.”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. என் வாயில் கேலி வரவில்லை.

புது மெம்பர்கள் மூவரும் சனிக்கிழமை காலையில் நூலகத்தின் வாசிப்பு அறையில் உட்கார்ந்து மனு வாங்க வேண்டும். ஒரே நீள மேஜை, மூன்று நாற்காலி. ஜனங்கள் யார் முன்னால் வேண்டுமானாலும் வரிசையில் நிற்கலாம். மனுவை வாங்கியவர் ஒரு கையெழுத்து, மற்ற இருவரில் ஒருவர் இன்னொரு கையெழுத்து. இரண்டு இருந்தால்தான் வேலை நடக்கும்.

முதல் சனிக்கிழமை நான் அத்தானுக்குத் துணையாகப் போய் ஓரமாக நின்றேன். அவர் வரிசையில் ஒன்பது பேர். வேன்காரம்மா வரிசையில் பதினான்கு. எண்ணி முடித்தவர் முகம் கறுத்தது. அப்போது அக்கா உள்ளே வந்தாள். வேலைக்குப் போகிற உடை, கையில் மடித்த தாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் அவளைத் தெரியும். அத்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டிலிருந்து எதையோ மறந்து வந்துவிட்டோம், கொண்டுவந்திருக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்.

அக்கா போய் வேன்காரம்மா வரிசையில் கடைசியில் நின்றாள்.

அவள் முறை வர அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணியில் அத்தான் யார் மனுவை வாங்கினார், என்ன பேசினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வேன்காரம்மா அக்காவின் தாளைப் படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மேஜை மேல் அதை அத்தான் பக்கம் நகர்த்தினார்.

“ரெண்டாவது கையெழுத்து நீங்க போடறீங்களாண்ணா, இல்லை சார்கிட்டக் குடுக்கவா?”

“நான் இருக்கும்போது அவர் எதுக்கு?” என்று அத்தான் பிடுங்காத குறையாக வாங்கினார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். அக்காவின் அழகான கையெழுத்து.

‘பதினான்காம் எண் வீட்டுக்கு எதிரே உள்ள தெருவிளக்கு மூன்று ஆண்டுகளாக எரியவில்லை. இருட்டில் விழுந்து எனக்குக் காலில் அடிபட்டது. இது குறித்து முந்தைய வார்டு உறுப்பினரிடம் வாசலிலும் சமையலறையிலும் பலமுறை நேரில் தெரிவித்தும் நடவடிக்கை எடுக்கப்படவில்லை.’

அத்தான் மூன்று தரம் படித்தார். பிறகு தலையைத் தூக்காமல் மெதுவாகக் கேட்டார்.

“இதை வீட்டுலயே சொல்லியிருக்கலாமே?”

“வீட்டுல சொன்னா நீங்க வீட்டுக்காரர்” என்றாள் அக்கா. பல் வலியோடு வந்தவரிடம் பேசுகிற அதே குரல். “ஊர்ல மத்தவங்க எல்லாருக்கும் ஏதாவதுன்னா உங்ககிட்ட வந்தாங்க. எனக்கு ஏதாவதுன்னு நகராட்சி ஆபீசுக்குப் போனா, உங்க வீட்டுக்காரர்கிட்டயே சொல்லுங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பதினஞ்சு வருஷமா இந்த வார்டுல மெம்பர் இல்லாத வீடு ஒண்ணே ஒண்ணுதாங்க. நம்ம வீடு.”

யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். அத்தான் வேன்காரம்மாவின் கையெழுத்துக்குக் கீழே இரண்டாவது கோட்டில் தன் கோழிக் கிளறலைப் போட்டார். ஒப்புகைச் சீட்டைக் கிழித்து, எழுந்து நின்று, மற்றவர்களுக்குக் கொடுக்கிற மாதிரியே அவளுக்கும் கொடுத்தார்.

“ஒரு வாரத்துல ஆள் வரும்மா.”

“சரிங்க சார்” என்றாள் அக்கா.

ஒரு வாரம் என்றது ஒன்பது நாள் ஆயிற்று. ஏணி வண்டி வந்து விளக்கை மாட்டிவிட்டுப் போன அன்று சாயங்காலம் நான் அங்கேதான் இருந்தேன். அக்கா வேலையிலிருந்து வருகிற நேரம் பார்த்து அத்தான் வாசலில் நின்றார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா தெருமுனையிலிருந்து கீழே பார்க்காமல் நடந்து வந்தாள். மூன்று வருஷமாக அவள் தலை குனிந்து, கால் வைக்கும் இடத்தைத் தடவிப் பார்த்து வருவதையே பார்த்துப் பழகிவிட்டோம். வாசலுக்கு வந்ததும் விளக்கை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள்.

“வேன்காரம்மாவுக்கு ஒரு நன்றி சொல்லணும்” என்றாள்.

“சொல்லு” என்றார் அத்தான். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டாவது கையெழுத்து என்னுது” என்றார்.

“தெரியும்.”

“அடுத்த தடவை எனக்கு என்ன போடுவே?”

ஒரு மாதமாகத் தொண்டையில் இருந்தது கடைசியில் வெளியே வந்துவிட்டது. அக்கா கதவுப் பூட்டில் சாவியை வைத்தவள் திரும்பினாள். “அதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கே. பார்க்கலாம்.”

அத்தான் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் கீழே பார்த்தார். புது வெளிச்சத்தில் உடைந்த நடைபாதைக் கல் பளிச்சென்று தெரிந்தது. தூக்கிக்கொண்டு நின்ற விளிம்பைச் செருப்பு நுனியால் தட்டினார். குனிந்து விரலால் தடவினார்.

“இந்தக் கல்லைப் பத்தி அவங்ககிட்ட சொல்லிட்டியா?”

“இன்னும் சொல்லலை.”

“அப்போ என்கிட்ட சொல்லு.”

அக்கா சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் படி இறங்கி வந்தாள். கல் எப்போது உடைந்தது, எந்தப் பக்கம் தடுக்கும், மழை பெய்தால் அதன் கீழே தண்ணீர் எப்படித் தேங்கும், அன்றைக்குக் கால் எங்கே மாட்டியது என்று முதலிலிருந்து சொன்னாள். எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்று, நடுவில் ஒரு வார்த்தை பேசாமல், அவள் சொல்லி முடிக்கும் வரை கேட்டார்.